பார்க்க மட்டும் வருகிறேன்

கிம்ஜே
1996 மார்ச் 11

யோங்ரானுக்கு அக்கா தொக்சிம் எழுதுவது.

சியோலில் குளிர் விட்டதா? இங்கே பனி உருகி வயலெல்லாம் சேறாகக் கிடக்கிறது. நானும் உன் அத்தானும் சுகம். என் பெண் போராவைத் தவிர எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் மில் ஆபீசில் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே என் ஓரகத்தி உட்கார்ந்திருக்கிறாள். நான் அதில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நெல் மூட்டையோடு ஊருக்குள் போய்விடும்.

போன வாரம் என் மாமனாருக்குத் திதி. மூத்தவர் வீட்டில்தான். படையலுக்கு முன் எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். எல்லோரும் எழுந்த பிறகும் போரா எழவில்லை. "தாத்தா மேல எவ்ளோ பக்தி பாரு" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கால் படையல் மேஜையை உதைக்க ஆரம்பித்தது. சூப் கொட்டியது. பேரிக்காய்கள் வாசல் வரை உருண்டன. வலிப்பு நிற்கும்வரை நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "செத்தவரைக்கூட நிம்மதியாச் சாப்பிட விடமாட்டியாடி?" என்றாள் ஓரகத்தி. போராவைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா தெரியவில்லை.

படைத்த சோற்றை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும் அல்லவா? போராவுக்கு மட்டும் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி. "தொத்திக்கும்னு நான் சொல்லல. ஆனா நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்கல்ல" என்றாள். உன் அத்தான் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் போராவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாத்திரை மூன்று விதமாகிவிட்டது. பிள்ளை நாளெல்லாம் தூங்கி வழிகிறாள், வலிப்பு மட்டும் தூங்கவில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இவள் பக்கத்தில் எந்தப் பிள்ளை உட்காரும்? நீ அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாய். யாரையாவது கேட்டுச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


சியோல்
1996 மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் முதுகுவலி இப்போது எப்படி? எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. விடுதி அறையில் கணப்பு மட்டும் சரியாக வேலை செய்யவில்லை.

உனக்குத் தெரியும், நான் டாக்டர்களிடம் நேராகப் பேசுகிறவள் இல்லை. சாப்பாட்டு அளவு எழுதிய தாளை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு குழந்தை நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே நெடுநேரம் நின்றேன். கடைசியில் அவரே கதவைத் திறந்து, "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "உங்க சொந்தமா?" என்றார். "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டேன். சலுகை கேட்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது பார்.

ஒரு வழி இருக்கிறது அக்கா. மருந்து கேட்காத குழந்தைகளுக்கு இங்கே கொழுப்புச் சாப்பாடு தருகிறோம். நம் உடம்பு சோற்றை எரித்துத்தான் ஓடுகிறது. சோற்றை நிறுத்திவிட்டுக் கொழுப்பை மட்டும் கொடுத்தால் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்ளும். அப்படி எரிக்கும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு அடங்குகிறது. சிலருக்கு நின்றே போகிறது. சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் அடங்குகிறது என்பது டாக்டர்களுக்கே முழுசாகப் பிடிபடவில்லை.

சோறு கூடாது. அரிசிப் பலகாரம், நூடுல்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழம், இனிப்பு எதுவும் கூடாது. முட்டை, பாலாடை, வெண்ணெய், பன்றி வயிற்றுக் கறி, எள்ளெண்ணெய், கொஞ்சம் கீரை, கொஞ்சம் கடற்பாசி. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். நிறுப்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. முதலில் சில நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே. ஏப்ரலில் ஒரு படுக்கைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்துவிடு.

தங்கை
யோங்ரான்


கிம்ஜே
1996 மே 14

யோங்ரானுக்கு,

நடவு தொடங்கிவிட்டது. வயலெல்லாம் தண்ணீர் நிறைந்து வானமாகத் தெரிகிறது. நீ சுகமா? ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இளைத்திருந்தாய்.

அங்கே நீ எங்களோடு பேசியதே குறைவு. வெள்ளைக் கோட்டோடு வந்து, மற்ற அம்மாக்களிடம் பேசுகிற அதே சியோல் பேச்சில் என்னிடமும், "அம்மா, இந்த முள் நடுவுல நிக்கணும், கவனிங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். போராதான், "சித்தி நம்மள மறந்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். வேலை நேரமடி என்று சொன்னேன்.

இப்போது வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் முட்டையும் பாலாடையும். மதியம் பன்றிக் கறி, அதன் மேல் எண்ணெய். தட்டில் மிஞ்சிய எண்ணெயைக்கூட நீ சொன்ன மாதிரி வழித்துக் கொடுக்கிறேன். முதல் வாரம் துப்பினாள், அழுதாள், என்னைக் கடித்தாள். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்து எண்ணெயை ஒரே மடக்கில் குடிக்கிறாள், மில் ஆட்கள் சாராயம் குடிப்பதைப் போல. குடித்துவிட்டு அவர்களைப் போலவே "க்யா!" என்று ஒரு சத்தம் வேறு.

ஓரகத்திக்கு நல்ல பொழுதுபோக்கு. "ஊருக்கே அரிசி குத்தற வீட்டுல பொறந்துட்டு ஒரு பருக்கை கிடையாதாம், பன்னிக் கொழுப்பாம்! இதைச் சொல்லிக்குடுக்கத்தான் உன் தங்கச்சி காலேஜு படிச்சாளா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். உன் அத்தான் மில்லிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிடுகிறார். போரா பார்க்கக் கூடாதாம். வீட்டுக்குள் வருவதற்கு முன் சட்டையை நன்றாக உதறிவிட்டுத்தான் அவளைத் தூக்குகிறார். அரிசித் தவிடு ஒட்டியிருக்குமோ என்று பயம். தவிடு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை.

வலிப்பு குறைந்திருக்கிறது. ஆனால் நிற்கவில்லை. நீ கொடுத்த காகிதப் பட்டையை அவள் சிறுநீரில் நனைத்தால் கத்தரிப்பூ நிறமாக வேண்டும் என்றாய். போரா என்றாலே அந்த நிறம்தானே என்று அவளுக்கு ஒரே ஆசை. தினமும் என்னோடு குனிந்து பார்க்கிறாள். லேசான ரோஜா நிறத்துக்கு மேல் போகவில்லை. "நான் இன்னும் போரா ஆகலையாம்மா?" என்கிறாள். நான் எங்கே தவறு செய்கிறேன்?

உன் அக்கா


சியோல்
1996 ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். நடவில் ரொம்ப நேரம் குனிந்து நிற்காதே.

கோபித்துக்கொள்ளாமல் படி. பட்டை நிறம் மாறவில்லை என்றால் எங்கிருந்தோ மாவுச்சத்து உள்ளே போகிறது. உன் கை நிறுத்தது சரியாகத்தான் இருக்கும், நீ ஆஸ்பத்திரியிலேயே மற்ற அம்மாக்களைவிட நன்றாக நிறுத்தாய். அப்படியென்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். இங்கேயும் இப்படி நடக்கிறது. பாவம் என்று யாராவது ஒரு மிட்டாயை வாயில் போட்டுவிடுகிறார்கள். உன் ஓரகத்தியைக் கவனி. ஒரு நாள் முழுக்கப் போராவின் பின்னாலேயே இருந்து, அவள் வாய்க்குள் போவதையெல்லாம் பார்த்து எழுது.

சிரப் மருந்தில் சர்க்கரை இருக்கும். பற்பசையைக்கூடப் பார்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. எங்கள் தலைமை நர்ஸ் ஒருவரை அறிமுகப்படுத்தினார். பெயர் மின் சான்வூ, பேங்கில் வேலை. அப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். இரண்டு தடவை காபி குடித்தோம், அவ்வளவுதான். நான் அதிகம் பேசாதது அவருக்குப் பிடித்திருக்கிறதாம்.

தங்கை
யோங்ரான்


கிம்ஜே
1996 ஜூலை 2

யோங்ரானுக்கு,

மழைக்காலம். துணி காய்வதே இல்லை. உனக்கு வயிறு கெடாமல் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி கவனித்தேன். என் புத்தி முழுக்க ஓரகத்தி மேல்தான் இருந்தது. ஒரு நாள் அவள் போராவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மடித்துணியில் கையைத் துடைத்தாள். நான் போய் அவள் மடிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்! "என் மடியத் தடவிப் பாக்கறியா? வா, சட்டி பானையும் பாத்துட்டுப் போ! எனக்கு வாய் நீளம்தான், ஒத்துக்கறேன். பிள்ளைக்கு விஷம் வைக்கறவளாத் தெரியுதா நான்?" என்று மில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்கும்படி கத்தினாள். அவள் மடியில் இருந்தது ஒரு சீப்பு. போராவின் முடி சிக்காக இருக்கிறதே, வாரிவிடலாம் என்று வைத்திருந்தாளாம். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் போரா பின்னாலேயே இருந்தேன். எழுந்ததும் தண்ணீர். பிறகு முட்டை, பாலாடை. சாப்பிட்டதும் எல்லோரையும் போலப் பானைத் தண்ணீர் ஒரு கிண்ணம். கோழிகளோடு விளையாட்டு. மதியம் கறி, கீரை, எண்ணெய். வாய் பிசுபிசுக்கிறது என்பாள், அதனால் பானைத் தண்ணீர் இரண்டு கிண்ணம். சாயங்காலம் வெண்ணெய் போட்ட முட்டை. மறுபடி பானைத் தண்ணீர். யாரும் எதுவும் கொடுக்கவில்லை. மிட்டாய் இல்லை, பழம் இல்லை. பற்பசையைக்கூட மாற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலமும் விழுந்தாள். உதடு கிழிந்துவிட்டது.

அந்தப் பேங்க்காரர் எப்படி? அம்மா இருந்திருந்தால் ஜாதகம் பார்க்க ஓடியிருப்பாள்.

உன் அக்கா


சியோல்
1996 ஜூலை 8

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். பானைத் தண்ணீரை இன்றே நிறுத்து.

மில் ஆட்களுக்கு நீங்கள் இன்னும் பெரிய இரும்புப் பானையில்தான் சோறாக்குகிறீர்கள், இல்லையா? அடிப்பிடித்த காந்தலில் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக் கலக்குகிற அந்தத் தண்ணீர்தானே? அது சோறு அக்கா. கரைந்த சோறு. ஒரு நாளைக்கு நான்கு கிண்ணம் சோற்றுக் கரைசலைக் குடித்துக்கொண்டு என்ன எண்ணெய் குடித்தாலும் பட்டை நிறம் மாறாது.

நான் கொடுத்த தாளில் 'தண்ணீர், தேவையான அளவு' என்று இருக்கும். அது என் கையெழுத்து. இங்கே எல்லோர் வீட்டிலும் மின்சாரக் குக்கர், குழாயில் வடிகட்டிய தண்ணீர். சாப்பிட்டதும் நம் வீட்டில் எதைக் குடித்தோம் என்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. பதினெட்டு வருஷம் தினமும் குடித்தது.

ஓரகத்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. போராவின் உதடு ஆறியதா?

யோங்ரான்


கிம்ஜே
1996 அக்டோபர் 4

யோங்ரானுக்கு,

எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை முழுசாக எழுதலாம். அறுவடைப் பண்டிகைக்கு நீ வராதது ஒன்றுதான் குறை. சான்வூ வீட்டில் அழைத்திருக்கிறார்கள் என்றால் போகத்தான் வேண்டும்.

பானைத் தண்ணீரை நிறுத்தியதிலிருந்து பட்டை நல்ல கத்தரிப்பூ நிறம். ஆகஸ்டு தொடக்கத்துக்குப் பிறகு ஒரு வலிப்புகூட இல்லை. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். தூக்கக் கலக்கம் தெளிந்து நாள் முழுக்கப் பேசுகிறாள். மலச்சிக்கல்தான் பாடுபடுத்துகிறது.

ஓரகத்தி விஷயம் கேள். "பாத்தியா, திருடன் பானைக்குள்ள உக்காந்திருக்கான், நீ என் மடியத் தேடற" என்று ஒரு வாரம் குத்திக் காட்டினாள். பிறகு அவளே போராவுக்கென்று ஒரு புதுக் கெட்டில் வாங்கிவந்தாள். அதில் வேறு யாரும் எதுவும் ஊற்றக் கூடாது என்று மூத்தவரையே அதட்டுகிறாள். "கறியில நல்லா வெள்ளையா இருக்கற பக்கத்த வெட்டு, இந்தப் பிள்ளை நம்மள மாதிரி இல்ல, ராஜ வயிறு" என்று கறிக்கடைக்காரனிடம் சண்டை போடுகிறாள்.

பண்டிகைக்குப் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து கொழுக்கட்டை பிடித்தோம். போராவும் பிடித்தாள். மாவு ஒட்டிய விரலை ஒரு தடவைகூட நக்கவில்லை. முடித்ததும் தானே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "அழகாப் பிடிச்சா அழகான மாப்பிள்ளை வருவான்டி" என்று ஓரகத்தி சொன்னதற்கு, "இது சித்திக்காக நான் பிடிச்சது. அதான் அவங்களுக்கு வந்துட்டாரு" என்றாள். கல்யாணத்தில் உன் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கப்போகிறாளாம். மில் முற்றத்தில் என் பழைய போர்வையைக் கோழிக்குக் கட்டி ஒத்திகை நடக்கிறது.

பண்டிகை முடிந்த மறுநாள் சியோலிலிருந்து ஒரு அம்மாள் புது அரிசி வாங்க மில்லுக்கு வந்தார். நல்ல கைப்பை, நல்ல பேச்சு. இருந்ததில் நல்ல அரிசியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

உன் அக்கா


சியோல்
1996 அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அவ்வளவு தூரம் வந்து சான்வூ வீட்டாரோடு ஹோட்டலில் சாப்பிட்டது எனக்குப் பெரிய பலம். அத்தான் கோட்டில் நன்றாக இருந்தார். அவர்கள் வீட்டில் உங்களை மரியாதையான மனிதர்கள் என்று சொன்னார்கள். ஊர் திரும்பிய களைப்பு தீர்ந்ததா?

நவம்பர் 24 உறுதியாகிவிட்டது. மதியம் ஒரு மணி. அப்பா அம்மா இடத்தில் நீங்கள் இருவரும்தான் உட்கார வேண்டும். சான்வூவின் அம்மாவோடு சேர்ந்து மேடையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது நீதான். உடையை நான் வாடகைக்கு எடுத்துவைக்கிறேன்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். கல்யாண விருந்தில் நூடுல்ஸ், அரிசிப் பலகாரம், இனிப்பு எல்லாம் மேஜை மேஜையாக இருக்கும். போரா எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் குழந்தைதான். தெரியாமல் யாராவது ஒரு வாய் ஊட்டிவிட்டால் இத்தனை மாதப் பாடும் போய்விடும். தூரப் பயணத்தில் தூக்கம் கெடுவதும் நல்லதல்ல. புகைப்படக்காரரின் விளக்கு பளிச் பளிச்சென்று அடிக்கும், அதுவும் சில குழந்தைகளுக்கு ஆகாது. அதனால் அன்று ஒரு நாள் அவள் தன் பெரியம்மாவோடு இருந்தால் அவளுக்கு நல்லது என்று தோன்றுகிறது. சித்தியாக இல்லை, ஆஸ்பத்திரியில் தினமும் இதைப் பார்க்கிறவளாகச் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு பொம்மை வாங்கியிருக்கிறேன். உன்னிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கை
யோங்ரான்


கிம்ஜே
1996 டிசம்பர் 19

யோங்ரானுக்கு,

புகுந்த வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? நீ இரண்டு தடவை மில்லுக்குப் போன் செய்ததாக ஓரகத்தி சொன்னாள். நான் முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் வேலையில் இருந்தேன். கையெல்லாம் உப்பும் மிளகாயும். கை கழுவிய பிறகும் பேசத் தோன்றவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. நீ அழகாக இருந்தாய்.

விருந்தில் ஒரு அம்மாள் நூடுல்ஸ் கிண்ணத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மில்லம்மா! அடையாளம் தெரியுதா?" என்றார். தெரிந்தது. புது அரிசி வாங்கிப்போனவர். சான்வூவின் அத்தையாம்.

அன்று மில்லில் அவர் என்ன கேட்டார் என்பதை நான் உனக்கு எழுதவில்லை. உன் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். இப்போது எழுதுகிறேன். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே, "உங்க தங்கச்சி சியோல்ல ஆஸ்பத்திரியில இருக்காங்களாமே, கெட்டிக்காரப் பொண்ணுன்னாங்க" என்று ஆரம்பித்தார். அப்பா எப்படிச் செத்தார், அம்மா எப்படிச் செத்தார், குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது உண்டா என்றெல்லாம் கேட்டார். யார் அனுப்பி வந்திருக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போரா எண்ணெய்க் கிண்ணத்தோடு முற்றத்தில் வந்து நின்றாள். "இது என்ன, குழந்தை எண்ணெய் குடிக்குது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி, "வயித்துக் கோளாறுங்க. சோறு ஒத்துக்காது, பிறவியிலேயே அப்படி. மத்தபடி எங்க குடும்பத்துல எல்லாம் எருது மாதிரி" என்று சொல்லிவிட்டாள். ஊருக்கெல்லாம் ஒலிபரப்புகிற வாய். அன்றைக்கு உனக்காகப் பொய் சொன்னது.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். போரா என்னைப் பார்த்தாள். தன் நோயின் பெயர் அவளுக்குத் தெரியும். நீதானே ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைகளையும் உட்காரவைத்து, இது வெட்கப்படுகிற வியாதி இல்லை, பெயரைத் தைரியமாகச் சொல்லணும் என்று சொல்லிக்கொடுத்தாய். அவர் போன பிறகு, "எனக்கு வயித்துலயாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

உனக்காக நானாகச் செய்தேன், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நீ வந்து என்னிடம், "அக்கா, அவங்க வீட்டுல நான் சொல்லல, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போராவை நானே விட்டுவிட்டு வந்திருப்பேன். ஹோட்டலில் நான் போரா என்று வாயெடுத்தபோதெல்லாம் நீ என் கிண்ணத்தில் ஒரு மீன் துண்டை வைத்தாய். அப்போதே எனக்குப் புரிந்தது. அப்படியும் நீ நூடுல்ஸையும் புகைப்பட விளக்கையும் காரணமாக எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

விருந்தில் அந்த அத்தை என்ன கேட்டார் தெரியுமா? "அந்தக் குட்டிப் பொண்ண ஏன் கூட்டிட்டு வரல? அவளுக்குன்னு ரிப்பன் வாங்கிட்டு வந்தேனே." சிவப்பு ரிப்பன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "வயிறு இன்னும் சரியாகலை" என்று இரண்டாவது தடவையும் சொன்னேன். இந்தத் தடவை பக்கத்தில் ஓரகத்தி இல்லை. நானே சொன்னேன்.

அன்று காலை நாங்கள் புறப்படும்போது போரா முழு உடையும் உடுத்திக்கொண்டு மில் வாசலில் நின்றாள். அங்கே சாப்பாட்டு மேஜை நிறைய இருக்கும், உனக்கு ஆகாது என்று நீ எழுதியதைத்தான் சொன்னேன். "நான் சாப்பிட மாட்டேம்மா. பாக்க மட்டும் வரேன்" என்றாள். பஸ் திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தாள். ஓரகத்தி தூக்கப் போனபோது, "நான் வாயத் திறக்கவே மாட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க பெரியம்மா" என்றாளாம்.

பொம்மை கிடைத்தது. அலமாரி மேல் இருக்கிறது.

குளிர் அதிகம். கழுத்தை மூடிக்கொள்.

உன் அக்கா


சியோல்
1997 பிப்ரவரி 12

மதிப்புக்குரிய அக்காவுக்கும் அத்தானுக்கும்,

சந்திரப் புத்தாண்டு வாழ்த்துகள். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பண்டிகை வேலைகளில் நேரம் போனதே தெரியவில்லை. என் மாமியார் உங்கள் மில் அரிசியை இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறார்.

போரா வளர்ந்திருப்பாள். அவளுடைய புது எடைக்கு ஏற்ப அளவுகளைக் கணக்கிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மறக்க வேண்டாம். வடிகட்டிய தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

எனக்கு உடம்பில் ஒரு மாற்றம். மூன்றாவது மாதம் என்கிறார்கள். ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன், நம் அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது போராவைப் போல இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? போரா வயிற்றில் இருந்தபோது உங்களுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா? நினைவிருப்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

இங்கே தபாலை யார் வேண்டுமானாலும் பிரித்துவிடுகிறார்கள். அதனால் இனிமேல் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுங்கள். உறையின் மேல் அனுப்புநர் பெயர் எழுத வேண்டாம்.

அத்தானின் முதுகைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
யோங்ரான்


கிம்ஜே
1997 மார்ச் 9

யோங்ரானுக்கு,

நல்ல செய்தி. சந்தோஷம். முதல் மாதங்களில் பாரம் தூக்காதே. குமட்டினால் முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீர் கொஞ்சம் குடி, எனக்கு அதுதான் கேட்டது.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரிந்து நம் இரண்டு வழியிலும் யாருக்கும் இல்லை. போரா வயிற்றில் இருந்தபோதும் எந்த வித்தியாசமும் இல்லை. நன்றாக உதைத்தாள். பயப்படாமல் தூங்கு.

போன திங்கட்கிழமை போரா பள்ளிக்கூடம் சேர்ந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு வலிப்பு இல்லை. மார்பில் பெயர் எழுதிய கைக்குட்டையும் தலையில் அந்தச் சிவப்பு ரிப்பனும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பையன், "ஐயே, எண்ணெய்! நீ என்ன மோட்டாரா?" என்றானாம். "ஆமா, எனக்கு வலிப்பு வரும், அதுக்கு எண்ணெய்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை எனக்கு ஆள் அனுப்பினார். நான் பயந்துகொண்டு போனேன். கூடவே ஓரகத்தியும் வந்தாள். ஆசிரியை எதுவும் சொல்வதற்குள், "பிள்ளை சொன்னது நிஜம்தாங்க. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, அவ்வளவுதான். இதுக்குப் போய்த் தனி பெஞ்சு போட்டீங்கன்னா நான் தினம் வந்து இங்க உக்காந்துக்குவேன்" என்றாள். தனி பெஞ்சு போடவில்லை. அந்தப் பையன்தான் இன்னும் பக்கத்தில் உட்காருகிறான். மோட்டார் என்று கூப்பிடுகிறான், இவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

நீ அனுப்பிய அளவுத் தாள் கிடைத்தது. இனி அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம். ஜோன்ஜுவில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்தச் சாப்பாட்டுமுறையைத் தொடங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் போய்விடலாம். முந்தாநாள் போராவைக் கூட்டிக்கொண்டு போனோம். உன்னைப் போலவே ஒரு சின்னப் பெண், வெள்ளைக் கோட்டு, பேசவே கூச்சப்படுகிறாள். என்னிடம் தராசைக் கொடுத்து நிறுத்துக் காட்டச் சொன்னாள். முள் நடுவில் நின்றதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவ்வளவு சரியா நிறுக்க உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

போரா சொல்வதற்கு வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன்.

"சியோல்ல தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றேன்.

உறையின் மேல் என் பெயர் எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தொக்சிம்